கண்ணாடி அணிந்தும் தலைநோவு ஏன்?

(தருமபுரி மாவட்டத்தில், ஊராட்சிப் பெருமக்களும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை பற்றிப் பேசவே நாம் இங்குக் கூடுவது வழக்கம். இன்று மூக்குக் கண்ணாடியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றவுடன் சிலர் முகத்தில் புன்னகை தோன்றுவதைக் காண்கிறோம். வட்டார வளர்ச்சிக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழுவது இயல்பே. தொடர்பு உண்டு என்பதை ஒரு மகளிர் குழுவின் கணக்குப் புத்தகம் நமக்குக் காட்டிற்று.

மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் தமிழகத்தில் நம் மாவட்டத்தில்தான் முதலில் தோன்றியது என்பது நீங்கள் அறிந்ததே. கிருஷ்ணகிரி நம்மோடு சேர்ந்திருந்த காலத்தில், 1989 ஆம் ஆண்டில், வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இப்பணியைத் தொடங்கிற்று. அன்று இருபத்தைந்து வயதில் துணிந்து பேனாவைக் கையில் எடுத்த பெண்கள் இன்று அறுபதை எட்டியிருக்கின்றனர். அவர்களுள் ஒரு அம்மையார் பல ஆண்டுகள் குழுவின் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதி வந்தவர். ஒரு நாள், "இனி என்னால் ஆகாது, வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டோம். எழுத உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் இரண்டு நெற்றிப்பொட்டும் தெறிக்கின்றன என்றும், வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன என்றும் கூறினார். கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லையா என்று வினவினோம். "போட்டதால்தான் ஐயா இந்த நோவே வந்தது" என்பது அவர் விடை. அந்தக் கண்ணாடி சுவரிலுள்ள மாடத்தில், பெட்டியோடு தூசி படிந்து கிடந்தது.

அம்மையார் கூறியது உண்மையே. கண்ணாடியால்தான் நோவு வந்தது. ஆனால், அதிலிருந்து அவர் செய்துகொண்ட முடிவு, அதாவது தமக்குக் கண்ணாடியே ஒத்துக்கொள்ளாது என்பது, பிழையானது. இந்தப் பிழையான முடிவினால் நம் ஊர்களில் எத்தனை மாடங்களில் எத்தனை கண்ணாடிகள் உறங்குகின்றனவோ, எண்ணிப் பாருங்கள்.

அம்மையாரைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை. பட்டம் பெற்ற நாமே அதே பிழையைச் செய்தோம். நாற்பத்தேழாம் வயதில் கோப்புகளைக் கை நீளத்திற்கு எட்டப் பிடித்துப் படிக்கும் நிலை வந்தது. இது வெள்ளெழுத்து, நோயன்று. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை வயதாக ஆக இறுகி, அருகிலுள்ள பொருளுக்கேற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்ள இயலாமற் போவதே அதன் காரணம். நாற்பதைக் கடந்த அனைவருக்கும், சற்று முன்னோ பின்னோ, வந்தே தீரும். வெளியூர் சென்றிருந்தபோது ஒரு கடையில் கண்ணாடி வாங்கினோம். வீட்டார் விருப்பப்படி பெரிய பிரேமாகத் தேர்ந்தெடுத்தோம். எழுத்து நன்றாகத் தெரிந்தது. ஆயினும், மாலை நான்கு மணி ஆனால் புருவத்தின் மேல் இரும்புப் பட்டை கட்டியது போன்ற நோவு. இரத்த அழுத்தம் இருமுறை பார்த்தோம், குறையில்லை. காப்பியைக் குறைத்தோம், பயனில்லை. இறுதியில் தண்ணீரின் மேல் பழியைப் போட்டோம். நம் மாவட்டத்தில் எந்த நோய்க்கும் தண்ணீரைக் குறை கூறுவது வழக்கமாகிவிட்டது. ஃபுளோரைடு நம் மக்களின் பல்லையும் எலும்பையும் வருத்தியது உண்மை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால், மாலை நான்கு மணிக்கு மட்டும் வரும் தலைநோவுக்குத் தண்ணீர் என்ன செய்யும்?

கண் பரிசோதனை முகாம் ஒன்றிற்கு இடம் கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்த கண் மருத்துவ உதவியாளர் ஒருவர் நம் முகத்தைப் பார்த்தவுடன், "ஐயா, உங்கள் கண் ஓரிடத்திலும் கண்ணாடி வேறிடத்திலும் இருக்கின்றன" என்றார். பிறகு அவர் செய்து காட்டிய சோதனையை உங்களுக்கும் சொல்லுகிறோம். செலவில்லாத சோதனை, இன்று மாலையே வீட்டில் செய்து பார்க்கலாம்.

கண்ணாடியைக் கழற்றிக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு வில்லையின் வழியாகச் சன்னலின் நெட்டுக் கம்பியைப் பாருங்கள். வில்லைக்கு மேலும் கீழும் தெரியும் கம்பி நேராக இருக்கும். வில்லைக்குள் தெரியும் துண்டு மட்டும் ஒடிந்தது போல ஒரு பக்கம் விலகி நிற்கும். கண்ணாடியை மெல்ல இடமும் வலமும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் துண்டும் கம்பியும் ஒரே கோட்டில் சேர்ந்துவிடும். குறுக்குக் கம்பியைக் கொண்டு மேலும் கீழும் இவ்வாறே பாருங்கள். இரண்டும் சேரும் இடமே அவ்வில்லையின் மையம். அங்கே பேனாவால் ஒரு மைப்புள்ளி வைத்து, மற்ற வில்லைக்கும் அப்படியே செய்து, கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைவிலுள்ள ஒரு மரத்தை நோக்குங்கள். எதிரே நிற்பவர் உங்களைப் பார்க்கட்டும். இரண்டு புள்ளிகளும் இரண்டு கண்மணிகளுக்கு நேரே இருத்தல் வேண்டும். படிப்பதற்கு மட்டுமான கண்ணாடியாயின் புள்ளிகள் மூக்கின் பக்கமாகச் சிறிதளவு உள்ளே தள்ளி இருப்பது முறை. படிக்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்புகின்றன அல்லவா? சில வில்லைகளில் கம்பி சாய்ந்தும் தெரியும். அவை சிலிண்டர் பவர் உள்ளவை. அவற்றை உதவியாளரிடமே காட்டுங்கள்.

நமக்குக் கண்மணிகளுக்கிடையே உள்ள தூரம் 62 மில்லிமீட்டர். கண்ணாடியில் மையங்களுக்கிடையே இருந்ததோ 72 மில்லிமீட்டர். பெரிய பிரேமுக்குள் வில்லையை வெட்டிப் பொருத்தியவர் நம் முகத்தை அளக்கவில்லை. பிரேமை மட்டும் அளந்திருந்தார்.

பத்து மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். பவர் உள்ள வில்லையின் மையத்தை விட்டு விலகிப் பார்த்தால், அவ்வில்லை பட்டகம் போல் வேலை செய்து பொருளை இடம் பெயர்த்துக் காட்டும். எவ்வளவு பெயர்க்கும் என்பதற்குப் பிரெண்டிஸ் என்ற அமெரிக்கர் வகுத்த எளிய கணக்கு இன்றும் கண் மருத்துவத்தில் வழங்கி வருகிறது. பவரை, விலகிய சென்டிமீட்டரால் பெருக்க வேண்டும். பவர் 4 உள்ள வில்லை அரை சென்டிமீட்டர் விலகியிருந்தால் விடை 2. அதாவது, ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருள் 2 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். இரண்டு கண்களும் இரண்டு இடங்களில் பொருளைக் காணும். மூளையோ ஒரு பொருளை இரண்டாகக் காண ஒப்பாது. ஆகவே, கண்களைத் திருப்பும் தசைகளை நாள் முழுதும் இழுத்துப் பிடித்து இரண்டு காட்சிகளையும் ஒன்றாக்குகிறது. நுகத்தடியில் ஒரு மாடு வெளியே இழுக்க, மற்றொன்று அதற்கு ஈடு கொடுத்து நடப்பது போலத்தான். வேலை நடந்துவிடும், பொழுது சாயும்போது மாடு களைத்துவிடும். எழுத்து நன்றாகத் தெரிந்தும் மாலையில் தலை நொந்ததன் மருமம் இதுவே.

பக்கவாட்டுப் பிழையைக் கண்கள் ஓரளவு தாங்கும். மேல் கீழாக வந்த பிழையைத் தாங்கா. ஒரு கண்ணை மேலும் மற்றதைக் கீழும் திருப்ப நமக்கு மிகச் சிறிதளவே ஆற்றல் உண்டு. கண்ணாடியை ஒரு கையால் இழுத்துக் கழற்றுவது, தலையணையடியில் வைத்து உறங்குவது, உடைந்த காலை நூலால் கட்டிக்கொள்வது ஆகியவற்றால் பிரேம் கோணுகிறது. ஒரு வில்லை உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நிற்கும் கண்ணாடியை வாரக்கணக்கில் அணிந்து கொண்டு, பிறகு தலைநோவுக்கு மாத்திரை வாங்குவோர் பலர். பிரேமை நிமிர்த்தக் கடைக்காரருக்கு ஐந்து நிமிடம் போதும்.

சிதறல் பார்வை உடையவர்களுக்குச் சீட்டில் ஓர் அச்சுக் கோணமும் குறித்திருப்பார்கள். அவ்வில்லை சக்கரம் போல் சுழன்று பொருந்திவிட்டால் பயன் குறையும். பத்துப் பாகை திரும்பினாலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறை திருத்தப்படாமல் நின்றுவிடும். முப்பது பாகை திரும்பினால் கண்ணாடி போட்டும் போடாதது போலத்தான்.

இனி, நம் உழவர்களுக்கு முக்கியமானதொரு செய்தி. கண்ணாடிக் கடையில் உங்கள் கையில் ஓர் அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுவார்கள். அட்டை ஒன்றேகால் அடித் தூரத்தில் இருக்கும். நீங்கள் செய்யும் தொழிலும் அதே தூரத்தில்தான் நடக்கிறதா? பட்டுக்கூட்டைக் கையிலெடுத்துக் கறை பார்த்துப் பிரிப்பவருக்கு அத்தூரம் சரி. தையல் இயந்திரத்தில் ஊசி அதைவிட எட்ட இருக்கிறது. தரையில் அமர்ந்து புளியந்தோட்டைத் தட்டிக் கொட்டை எடுப்பவருக்கு இன்னும் எட்ட. படிக்கும் பவரைப் போட்டுக்கொண்டு இவ்வேலைகளைச் செய்தால் ஒன்று குனிந்து கழுத்து நோகும். அல்லது மங்கலைத் தெளிவாக்க முயன்று தலை நோகும். ஆகையால், சோதிப்பவரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். தூரத்தைக் கையால் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

இதன் பயன் எவ்வளவு என்பதற்கு அஸ்ஸாமில் கிடைத்த சான்று ஒன்று உண்டு. அங்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பறிக்கும் தூரத்துக்கேற்ற கண்ணாடியை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தனர். 2018 ஆம் ஆண்டில் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த அளவு, பெறாதவர்களோடு ஒப்பிட 21.7 சதவீதம் மிகுந்திருந்தது. ஐம்பதைக் கடந்தவர்களிடத்தில் இது 31.6 சதவீதம். உரமோ, புதிய கருவியோ இன்றிக் கிடைத்த மிகுதி இது. எடைக்குக் கூலி பெறுகிறவர்கள் வீட்டில் இதன் பொருள் என்னவென்று நாம் விளக்க வேண்டுவதில்லை.

சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் துணி விரித்து விற்கும் ஆயத்தக் கண்ணாடியை வாங்கலாமா என்று பலர் கேட்கின்றனர். அறவே கூடாது என்று சொல்லமாட்டோம். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிதறல் பார்வை இல்லை, தொலைவில் நன்றாகத் தெரிகிறது என்று சோதனையில் உறுதியான ஒருவருக்கு, வெள்ளெழுத்துக்கு அது போதும். குறைந்த விலையில் ஒரு நன்மையே. ஆனால், நம்மில் பலருக்கு இரண்டு கண்ணும் ஒன்று போல் இல்லை. அது தெரியாமல் வாங்குவதுதான் கேடு. அண்டை வீட்டார் கண்ணாடியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொள்வதும் அத்தகையதே. நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றுமோர் எச்சரிக்கை. சர்க்கரை ஏறியிருக்கும்போது கண்ணின் பவரும் மாறியிருக்கும். அந்நிலையில் சோதித்து வாங்கிய கண்ணாடி, சர்க்கரை இறங்கிய பின் பொருந்தாது. சர்க்கரையைச் சில வாரங்கள் நிலைநிறுத்திய பிறகே கண்ணாடிக்கு அளவெடுத்தல் நன்று.

முதியோர் பலர் கண்ணாடி என்றால் அஞ்சுவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கும் முறை நம் கிராமத்தாருக்கு எட்டாதிருந்த காலத்தில், அறுவை முடிந்தவர்களுக்குப் பவர் 10 அளவில் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். பொருள்கள் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தோன்றும். மூக்கிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நழுவினாலும் போதும். முன்னே சொன்ன கணக்குப்படி 3 வந்துவிடும். வாசற்படி வேறிடத்தில் தெரியும். விழுந்தவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். 1992 ஆம் ஆண்டில் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் உள்வில்லைகளைக் குறைந்த செலவில் செய்யத் தொடங்கிய பின் அந்த நிலை மாறிற்று. இன்று பெரும்பாலோர்க்கு அறுவைக்குப் பின் இலேசான கண்ணாடியே வேண்டியிருக்கிறது. பாட்டனார் பட்ட துன்பத்தை நினைத்துப் பேரர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், மேலே தூரமும் கீழே அருகும் பார்க்கும் இருகுவியக் கண்ணாடி அணிந்தவர்கள் கிணற்றுப் படியிலும் வரப்பிலும் இறங்கும்போது கீழ்ப்பகுதியின் வழியாகப் பார்த்தால் காலடி மங்கித் தோன்றும். தலையைத் தாழ்த்தி மேற்பகுதியால் பார்த்து இறங்கிப் பழக வேண்டும்.

பள்ளிச் சிறுவர்களைப் பற்றி ஒரு சொல். 2009 ஆம் ஆண்டில் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தின் வாயிலாக மாணவர்கள் இலவசக் கண்ணாடி பெற்றனர். கொடுத்ததோடு பணி முடிவதில்லை. பெரிய பிரேம் சிறுவன் மூக்கில் நழுவும். அவன் அதற்கு மேல் விளிம்பின் வழியே பார்ப்பான். பிள்ளைகளின் கண் எளிதில் சுருங்கி இறுகுமாதலால், சொட்டு மருந்திட்டுச் சோதியாவிடில் கிட்டப்பார்வை உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றுவதும் உண்டு. அவ்வாறு பெற்ற கண்ணாடி தலைநோவைத் தரும். பிள்ளையோ, "நோகிறது" என்று சொல்லாமல் புத்தகத்தை மூடிவிடும். பெரியவர்களுக்குத் தவறான கண்ணாடியால் கண் நிரந்தரமாகக் கெடுவதில்லை. கழற்றினால் நோவு தீரும். ஏழெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அப்படியன்று. அவ்வயதில் ஒரு கண் தெளிவான காட்சி பெறாவிடில், அது சோம்பல் கண்ணாக நின்றுவிடக் கூடும்.

தலைநோவு யாவும் கண்ணாடியால் வருவன என்று எண்ணிவிடாதீர்கள். திடீரெனக் கண் சிவந்து, கடுமையாக நொந்து, விளக்கைச் சுற்றி வானவில் போல் வளையம் தெரிந்து, வாந்தியும் வருமாயின், அது கண் நீர் அழுத்த நோயாக இருக்கலாம். அன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறுநாள் பார்ப்போம் என்பது பார்வையையே இழக்கச் செய்யும்.

கணக்கு எழுதிய அம்மையாரிடம் திரும்புவோம். உதவியாளர் அவர் கண்ணாடியை ஆராய்ந்தார். நல்வாய்ப்பாக, சோதனைச் சீட்டு அப்பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருந்தது. அவருக்கு இரு கண்ணுக்கும் வெவ்வேறு பவர். சீட்டில் வலக்கண்ணுக்கு எழுதியிருந்த வில்லை இடப்பக்கத்திலும், இடக்கண்ணுக்கு உரியது வலப்பக்கத்திலும் பொருத்தப்பட்டிருந்தன! சீட்டு இல்லாதிருந்தால் இந்தப் பிழை யாருக்கும் தெரிந்திராது. வில்லைகள் மாற்றப்பட்டன. ஒரு வாரம் சிறிது தடுமாற்றம் இருந்ததாம், பிறகு இல்லையாம். புத்தகம் அதற்குள் அவர் மருமகள் கைக்குப் போய்விட்டது. மாதக் கடைசியில் கூட்டிச் சரிபார்ப்பவர் மாமியார்தான். இதனால் அந்த வீட்டில் அமைதி மிகுந்ததா குறைந்ததா என்பது நம் ஆய்வுக்கு உட்பட்டதன்று.

புதுக் கண்ணாடிக்குப் பழக ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் ஆவது இயல்பு. "போகப் போகப் பழகிவிடும்" என்று கடைக்காரர் சொல்லுவதை அதுவரை நம்பலாம். அதற்கு மேல் நோவு நீடித்தால் சீட்டையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு சோதித்தவரிடமே திரும்பச் செல்லுங்கள். பணம் கொடுத்து வாங்கிய பொருள். திருத்தித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராம முகாம்களிலேயே கண்ணாடியைச் செய்து முகத்தில் பொருத்திக் கொடுக்கும் முறையைக் கையாண்டது. அங்கேயே அணிந்து பார்த்தால் குறையை அங்கேயே சொல்ல முடிகிறது. முகாம் நடத்தும் எவரிடமும் ஊராட்சிகள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் கண் மருத்துவ உதவியாளருடன் பேசியிருக்கிறோம். அடுத்த கிராம சபைக் கூட்டங்களின்போது முறை வைத்து வர இசைந்துள்ளார். ஊராட்சி செய்ய வேண்டியது பெரிதன்று. வெளிச்சமுள்ள ஓர் அறை, கம்பி போட்ட சன்னல், இருபது அடி நீளத்துக்கு இடம், ஒரு முகக்கண்ணாடி, மில்லிமீட்டர் குறித்த அளவுகோல் ஒன்று, இவை போதும். வார்டு உறுப்பினர்களாகப் பணிபுரிந்தவர்களும் குழுத் தலைவிகளும் வீடு வீடாகச் செல்லும்போது, "கண் தெரிகிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "கண்ணாடி வாங்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள். மாடத்தில் கிடப்பது, பெட்டியில் கிடப்பது, கால் ஒடிந்தது, எதுவாயினும் எடுத்து வரச் சொல்லுங்கள். சீட்டு இருந்தால் அதனையும் மறவாமல் கொண்டு வரச் செய்யுங்கள். நாமும் நம்முடைய 72 மில்லிமீட்டர் கண்ணாடியைக் கொண்டு வருகிறோம். சன்னல் கம்பி ஒடிந்து தெரிவதைப் பார்க்க விரும்புவோர்க்கு அது பயன்படும்.